வாஷ்பேசின் மூடியும் வேலாயுதம் அண்ணன் கையும்

பிளம்பருக்குக் கதவைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும், அதற்கு முன்பே வீட்டுக்குள் யாரையோ திட்டி முடித்திருப்பார். மிச்சம் இருப்பதுதான் நமக்கு.

எனக்கு ஊர் தாமல். காஞ்சிபுரத்தில் நாலு வருஷமாக இந்த வேலை. காலையில் பைக்கில் வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் நிற்பேன். கடை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். குழாயோ வாஷரோ வாங்க வருகிறவர்கள் "மாட்டித் தர ஆள் இருக்குதா?" என்று கேட்டால் பாய் எங்களைக் கை காட்டுவார். எங்களை என்றால், என்னையும் வேலாயுதம் அண்ணனையும்.

இங்கே எழுதப்போவது எல்லாம் வாஷ்பேசின் மூடி சமாசாரம். பேசின் நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருக்குமே, ஒரு தடவை அழுத்தினால் மூடிக்கொண்டு, மறுபடி அழுத்தினால் திறந்துகொள்ளுமே, அதுதான். அந்த மூடியும், அதைத் தாங்கிக்கொண்டு பேசினுக்கு அடியில் இறங்குகிற குட்டைக் குழாயும் சேர்ந்ததைக் கடையில் கப்ளிங் என்பார்கள். மேலே மூடி ஒழுகினால் பேசினில் தண்ணீர் நிற்காது. கீழே நட்டு ஏறுகிற மரை ஒழுகினால் உங்கள் கால் நனையும். இரண்டில் ஒன்றுகூட வராத வீடு உங்களில் யாருக்காவது இருந்தால் விலாசம் சொல்லுங்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.

பாதி முகம்

வேலாயுதம் அண்ணன் என்னோடு வந்த முதல் வீடு, சின்ன காஞ்சிபுரத்தில் ரிட்டயரான ஒரு சாருடையது. கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை, ஒரு பக்கம் வழுவழுப்பு. பேசினில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு சவரம் செய்கிறவர் அவர். மூடி ஒழுகுவதால் இடது கன்னம் முடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. மறுபடி பிடித்தால் வலது கன்னத்தில் நுரை காய்ந்துவிடுகிறது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்து நாடு போகிற போக்கு வரைக்கும் பேசினார்.

அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் நெசவாளி. நாற்பத்தெட்டு வயதில் முட்டி தேய்ந்துபோனது. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேசினுக்கு அடியில் மல்லாக்கப் படுக்கக்கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை, அதனால் அண்ணன் எங்கள் பக்கம் வந்துவிட்டார். தறியில் இப்போது அவர் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்கு நான் மூடியைத் திருகி எடுத்தேன். அடியில் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பார்த்தேன், கிழிசல் இல்லை. அண்ணன்தான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் எதையோ உருவினார். அரக்கு நிறத்தில் ஒரு பட்டு இழை. ரப்பருக்கும் பேசினுக்கும் நடுவில் அது படுத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் அதன் வழியே கசிந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் மருமகள் புடவைக்குக் குஞ்சம் கட்டுகிறார். கை கழுவும்போது இழை போயிருக்கிறது. மூடியை மாட்டித் தண்ணீர் பிடித்தோம், நின்றது. சார் அந்த இழையைக் கையில் வாங்கிப் பார்த்தார். மருமகள் இருக்கிற அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்:

"இத்தினி நாளா கம்பெனிக்காரனத் திட்டிக்கினு நிம்மதியா இருந்தேன். இனிமே நான் யாரப்பா திட்டறது?"

ஒரு விரல் வேலை

கோயில் பக்கத்தில் ஒரு லாட்ஜ். "ரூம்ல பேசின் அடைச்சிக்கிச்சு, அவசரம்" என்று மேனேஜர் கடைக்கே வந்துவிட்டார். போனால் பேசின் நிறையத் தண்ணீர். பக்கத்தில் வளைந்த கம்பி, தென்னங்குச்சி, வெந்நீர் பக்கெட். தங்கியிருந்த குடும்பம் சாமி கும்பிடப் போயிருந்தது. வருவதற்குள் சரிசெய்யாவிட்டால் ரூமைக் காலி செய்துவிடுவார்களாம். அடைப்பெல்லாம் ஒன்றும் இல்லை, யாரோ தெரியாமல் மூடியை அழுத்தியிருக்கிறார்கள். நான் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு விரலால் அழுத்தினேன். கடகடவென்று இறங்கிவிட்டது.

ஆனால் குத்தின குத்தில் உள்ளே இருந்த ஸ்பிரிங் நசுங்கியிருந்தது. இனிமேல் மூடினால் நிற்காது, கப்ளிங்கையே மாற்ற வேண்டும். "நான் போடட்டா தம்பி?" என்றார் அண்ணன். முதன்முதலாக அவரே தனியாகப் போட்டார். மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, நட்டை முடுக்கி, எழுந்து, தோள் துண்டால் மூடியைத் துடைத்தார். ஒரு தடவை அழுத்தினார், மூடியது. இன்னொரு தடவை அழுத்தினார், திறந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து நானும் ஒரு தடவை அழுத்தினேன். மேனேஜர் கம்பியையும் குச்சியையும் பொறுக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, விரலால தொட்டதும் போச்சுன்றத வெளிய சொல்லிடாத. முதலாளி என்னியும் அதே விரலால அனுப்பிடுவாரு."

இன்னொரு தபா

சில நாளில் லாட்ஜிலிருந்து போன். பேசினுக்கு அடியில் சொட்டுகிறது. நான் போய்ச் சரிசெய்தேன். அதற்கப்புறம் ஒரு இட்லிக் கடை, அதற்கப்புறம் ஒரு டீச்சர் வீடு. மூன்றும் அண்ணன் போட்டவை, மூன்றும் ஒரே மாதிரி. நட்டைக் கழற்றினால் டேப் மரையில் இல்லாமல், நட்டுக்குக் கீழே சுருண்டு பஞ்சுபோல ஒதுங்கியிருக்கும். "இப்ப வர்ற நட்டே சரியில்ல தம்பி" என்பார் அண்ணன். நானும் ஆமாம் என்பேன். எங்கள் தொழிலில் தப்பெல்லாம் வாங்கின சாமானுடையதுதான்.

ஒரு நாள் அண்ணன் டீ வாங்கப் போன நேரம் பாய் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார். அண்ணன் என்னிடம் முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மகன் நெய்கிற சத்தம் காதிலேயே இருக்கிறது, அந்தச் சத்தத்துக்கு நடுவில் மத்தியானச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை என்று. இந்தக் கடை வாசல்தான் அவருக்குக் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப ஒரு இடம். அது பாய்க்கும் தெரியும். அதனால்தான் அவர் என்னைப் பார்க்காமல் ஆணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தங்கமான மனுஷன், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒழுகினா கிராக்கி என் கடப் பேரத்தானே சொல்றான்? இன்னொரு தபா கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா நான் அவர அனுப்ப மாட்டேன்பா. நீயே பக்குவமா சொல்லிப் பாரு."

பக்குவம்

அடுத்த வேலையில் அண்ணன் கையையே பார்த்தேன். காரணம் தெரிந்துபோனது. நட்டு எந்தப் பக்கம் சுற்றி ஏறுகிறதோ, அதே பக்கம்தான் டேப்பைச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், நட்டு ஏற ஏற டேப்பை உரித்துக்கொண்டே போகும். அண்ணன் எதிர்ப்பக்கம் சுற்றினார், அதுவும் அழகாக, ஒரு சுற்றின் மேல் அரைச் சுற்று ஏறி, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அண்ணா, அந்தப் பக்கம்ணா." எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா வயது. அவர் தெருவில் இரண்டு வீட்டுக்குச் சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நானோ பஸ்ஸில் ஸ்டாப்பிங் வந்தால்கூடக் குரல் கொடுக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன். அதனால் சுலபமான வழியைப் பிடித்தேன். "அண்ணா, நீங்க அந்த நட்டு முடுக்கற ரிஞ்ச் எடுத்தாங்க, நான் டேப்பு சுத்திட்றேன்." அடுத்த வீட்டில், "அண்ணா, நீங்க மெயின் வால்வ மூடுங்க, அதுக்குள்ள நான் சுத்திட்றேன்." ஒழுகல் நின்றது. பாய் முகம் தெளிந்தது. நானும் என் சாமர்த்தியத்தை நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

ஓரிக்கையில் ஒரு வீட்டில் வேலை முடித்துத் திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். "ஏன்ணா உள்ள வர்ல?" என்று கேட்டேன். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெற்றிலை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

"நீயே டேப்பு சுத்துற, நீயே நட்டு முடுக்குற, நீயே மூடியும் மாட்டுற. நான் இங்க செருப்பப் பாத்துக்கினு இருக்கேன். அதுக்கும் ஒரு ஆளு வேணுந்தானே தம்பி?"

மரியாதை

அந்தப் பேச்சுக்கு அப்புறம் டேப்பை நான் எப்படித் தொடுவது? மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. மூடி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, கப்ளிங் மாற்ற வேண்டும். டேப்பை அண்ணனிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். இன்றைக்கு ஒழுகினால் பாய் கடையில் அவருக்கு இடம் இல்லை. ஒழுகும் என்றும் எனக்குத் தெரியும்.

வீட்டு அம்மா குழம்புக் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றார். பிளம்பர் வேலை செய்வதைப் பார்க்க நின்றால் நகராத ஜாதி. அண்ணன் நாலு சுற்று சுற்றியிருப்பார்.

"அண்ணே, நீங்க தறிக்காரரா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. எப்டித் தெரிஞ்சுது?"

"தார் சுத்தறீங்களே. கைய இழுக்கறதே சொல்லுதே."

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூல் கண்டுதான் தார். சின்ன வயதிலிருந்து ராட்டை பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுற்றுகிற கை இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த அம்மா கரண்டியைப் பேசினுக்குள் வைத்துவிட்டுக் கப்ளிங்கை வாங்கினார். "குடுங்க பாக்கலாம்" என்று அவரும் டேப்பைச் சுற்றினார். அதே பக்கம்தான் போனது. "பாத்தீங்களா, எனுக்கும் அங்கதான் வருது." பிறகு நட்டைப் போட்டுத் திருகினார். டேப் மெதுவாக உரிந்து, சுருண்டு, தரையில் விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

அண்ணன் அந்தச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். லாட்ஜ், இட்லிக் கடை, டீச்சர் வீடு எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்திலேயே தெரிந்தது. "இது உனுக்குத் தெரியுமா தம்பி?" என்றார். "தெரியும்ணா" என்றேன். "சொல்றதுக்கு இன்னா?" நான் பையைத் திறந்து வாஷரைத் தேடினேன். பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது. கரண்டியை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா மரியாத குடுத்தீங்க போங்க. உங்க மரியாதைல ஊர்ல எத்தினி வீட்டுக்காரி தரையத் தொடச்சிக்கினு இருக்காளோ."

கிளாஸில் ஓட்டை இல்லை

தெரிந்துவிட்டால் கை திருந்திவிடும் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அண்ணன் சட்டைப் பையில் ஒரு டேப் வைத்துக்கொண்டு கிடைத்ததில் எல்லாம் சுற்றிப் பழகினார். பேனா, பைக் பிரேக், வெள்ளரிப் பிஞ்சு. கண்ணால் பார்த்துக்கொண்டே சுற்றினால் சரியாக வரும். யாராவது "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டால் போதும், கை பழைய பக்கம் போய்விடும். டீக்கடையில் கிளாஸைச் சுற்றி ஒரு நாள் டேப் போட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு ரொம்ப அனுசரணையாகச் சொன்னார்:

"அண்ணே, நம்ப கிளாஸு ஒழுகாது. தைரியமா குடிங்க."

கீழே பாவு

ஒரு நாள் காலையில் பாய், "தம்பி, நீ மட்டும் போய்ட்டு வா" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்காத மாதிரி பைப் துண்டுகளை அளவு பார்த்து அடுக்க ஆரம்பித்தார். பாய் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விலாசத்தைக் கேட்டதுமே புரிந்தது. பழனி என்கிற நெசவாளி வீடு. இருக்கிற இடத்தில் மாடி எழுப்பி, பாத்ரூமுக்கு வேறு இடம் இல்லாமல் தறிக்கு நேர் மேலே வைத்துவிட்டார்கள். அந்தப் பேசின் ஒழுகுகிறது. கீழே தறியில் முகூர்த்தப் புடவைக்குப் பாவு, அதாவது நீளவாட்டுப் பட்டு நூல், ஏற்றியிருக்கிறது. பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் கறைதான்.

"அண்ணனும் வரட்டும் பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, அதனால் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். பாய் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "உன் பொறுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கிராக்கியிடம் திரும்பினார்.

பழனி வீட்டில் தறி மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேலே வீட்டாள்கள் பேசின் மூடியை அழுத்தி மூடி, முகம் கழுவின தண்ணீரை மக்கில் மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே போனால்தானே சொட்டும் என்று. ஆனால் மூடியும் ஒழுகியது. வேலை நின்று போன எரிச்சலில் இருந்த பழனி, அண்ணனைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னாபா வேலாயுதம், உன்னையா அனுப்பினாங்க? உன் பேசின் ஒழுகற கத பிள்ளையார்பாளையம் பூரா நெய்ஞ்சாச்சே."

"அதான் நானே வந்தேன்" என்றார் அண்ணன். படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

பழைய கப்ளிங்கை நான் கழற்றினேன். அடி வாஷர் மக்கிப்போயிருந்தது. புதியதை எடுத்ததும் அண்ணன் கையை நீட்டினார். கொடுத்தேன். வலது கையில் டேப்பைப் பிடித்து மரையில் வைத்தார். அப்படியே நின்றார். கீழே இருந்து பழனி, "இன்னா, ஆச்சா?" என்று கேட்டார். யாராவது கேள்வி கேட்டால் அண்ணன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். "அண்ணா" என்று வாயைத் திறந்தேன்.

அவர் டேப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு எப்போதும் போலத் தன் பக்கமாக இழுத்துச் சுற்றினார். இழுப்பு பழைய இழுப்புதான், கை வேறு என்பதால் சுற்று சரியான பக்கம் போனது. "முந்தாநேத்து ராத்திரி சோறு தின்னும்போது தோணுச்சு. எச்சக் கைய வெச்சிக்கினு இன்னொரு கையால சுத்திப் பாத்தேன்" என்றார். அதே நிறைவான, அரைச் சுற்று ஏறின சுற்று. நட்டு ஏறியது, டேப் அசையவில்லை.

மூடியை அழுத்திப் பேசின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்தோம். அண்ணன் விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. பிறகு மூடியைத் திறந்தார். மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கியது. அவர் மரைக்கு அடியில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். கையைப் புரட்டிக் காட்டினார். காய்ந்த கை.

கீழே பிளாஸ்டிக் ஷீட்டை உருவுகிற சரசரப்பு கேட்டது. அப்புறம் தறிச் சத்தம் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பழனி கத்தினார்:

"வேலாயுதம், இன்னும் எத்தினி நேரம்பா? நான் புடவைய முடிக்கணும், தண்ணி வுடறதுக்கு முன்னாடி சொல்லு, ஷீட்ட மூடிக்கறேன்."

"வுட்டாச்சு, நீ நெய்" என்றார் அண்ணன்.

இப்போது தறிக்காரர் வீடு என்றால் பாய் அண்ணனைத்தான் அனுப்புகிறார், அவரும் ஒற்றை ஆளாகவே போய்விடுகிறார், இங்கே எனக்குத்தான் ரிஞ்ச் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.